கண்ணுக்குத் தெரியாத கட்டம்

கம்ப்யூட்டரில் குப்பைக்குப் போயிருந்த நானூற்றுச் சொச்சம் செய்திகளில் ஒன்று மட்டும் தமிழில் இருந்தது. 'எந்த சிந்துஜா?' என்று கேட்டிருந்தது.

சுடர்விழி அதைத் திரும்பப் படித்தாள். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அந்த ஊதுவத்திக் கம்பெனியின் மாடி அறையில், மத்தியானச் சூட்டோடு சந்தன வாசனையும் கரித்தூள் வாசனையும் கலந்து அடைத்துக்கொண்டிருந்தன. கீழே வத்தி போடும் மெஷின்கள் விடாமல் தடதடத்தன. ஜன்னலோரம் சிந்துஜா யாரோ பாரிஸ்காரரிடம் போனில் பிரெஞ்சில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புதான் சுடர்விழிக்கு ஆகாது. ஏழு வருஷமாக இந்தக் கம்பெனிக்கு மாடாக உழைத்தவள் அவள். வந்து மூன்றே மாதமான சிந்துஜாவுக்கு முதலாளி குத்புதீன் பாய் ஜன்னலோர மேசையைக் கொடுத்துவிட்டார். ஏற்றுமதிப் பொறுப்பும் அவளுக்குத்தான் என்று பேச்சு. நினைத்தாலே வயிறு எரிந்தது.

சுடர்விழிக்குக் கிடைத்ததென்னவோ இந்தக் குப்பை. கம்பெனி வெப்சைட்டில் ஆர்டர் கேட்பவர்கள் எழுதுவதற்கென்று ஒரு படிவம் இருந்தது. லோன் வேண்டுமா, கூகுளில் முதலிடம் வேண்டுமா என்று அதன் வழியாக தினம் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டியதில் ஒரு நிஜ ஆர்டர் கண்ணில் படாமல் போய்விட, இந்தத் தொல்லையைக் குறைக்கச் சொல்லி பாய் சத்தம் போட்டார். வெப்சைட் செய்துகொடுத்த வினோத்குமார் போனில் வழி சொன்னான். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்க்க வேண்டும். குப்பைச் செய்தி அனுப்பும் மெஷின் எல்லாக் கட்டத்தையும் குருட்டுத்தனமாக நிரப்பும். அந்தக் கட்டம் நிரம்பி வந்தால் அது குப்பை. கட்டத்துக்கு ஏதாவது ஒரு கேள்வி வைக்கச் சொன்னான். யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில், மனசில் இருந்ததையே அவள் வைத்தாள். 'சிந்துஜா எப்போ போவா?'

அதற்குத்தான் இப்போது பதில் கேள்வி வந்திருக்கிறது. வினோத்குமாரின் விளையாட்டாக இருக்கும் என்று அவனையே கூப்பிட்டாள்.

"நான் அந்தப் பக்கமே வரலக்கா. மெஷின் எதையாச்சும் அடிச்சிருக்கும். அழிச்சிட்டு வேலையப் பாருங்க."

அழித்திருப்பாள். அந்த நேரம் பார்த்து பாய் மேலே ஏறி வந்தார். சிந்துஜாவின் மேசையில் ஸ்வீட் டப்பாவை வைத்து, பாரிஸ் ஆர்டர் முடிந்ததைச் சொல்லி, வெளிநாட்டு ஃபைல்களையெல்லாம் நாளையே சிந்துஜாவிடம் ஒப்படைத்துவிடும்படி சுடர்விழியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சிந்துஜா டப்பாவை நீட்டினாள்.

"எடுத்துக்குங்கக்கா. நீங்க சொல்லிக் குடுத்துதான் எல்லாம் கத்துக்கிட்டேன்."

அந்த நல்லதனம் சுடர்விழியை இன்னும் எரியவைத்தது. ஒரு ஜிலேபியை எடுத்துத் தாளில் வைத்தாள், வாயில் வைக்கவில்லை. கட்டத்தின் கேள்வியை அழித்துவிட்டு அந்த இடத்தில் அடித்தாள்: 'ஜன்னலோரம் ஒக்காந்திருக்கிறவ.'

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. குப்பையில் புதிதாக ஒன்று.

'தெரியுது.'

சுடர்விழி ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் கம்பெனியின் தகரக் கூரை, வேப்பமரம், வெயில். வெளியே யாருமில்லை; உள்ளே சிந்துஜா மறுபடி போனில் பிரெஞ்சு பேச ஆரம்பித்திருந்தாள். மறுபடி திரும்பியபோது இன்னொன்று வந்திருந்தது.

'இப்போ.'

அந்தக் கட்டத்தையே படிவத்திலிருந்து நீக்கினாள். சேமித்தாள். இரண்டு தடவை சரிபார்த்தாள். கட்டம் இல்லை. இல்லவே இல்லை.

கரண்ட் போனது.

கீழே மெஷின்கள் நின்றன. மின்விசிறி நின்றது. கம்ப்யூட்டர்கள் அணைந்தன. பிரெஞ்சுப் பேச்சு பாதி வார்த்தையில் நின்றது. அந்த அமைதியில் ஒரு சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. டைப் அடிக்கிற சத்தம்.

சிந்துஜா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இருண்டுபோன திரைக்கு முன்னால். பத்து விரலும் கீபோர்டில் ஓடின. போன் தரையில் கிடந்தது. அதிலிருந்து யாரோ "அலோ, அலோ" என்றார்கள்.

"சிந்து. எழுந்திரு. கீழ போலாம்."

இமை ஆடவில்லை. திறந்த கண்ணில் ஒரு ஈ உட்கார்ந்து, நடந்து, பறந்து போனது.

சுடர்விழியின் செல்போன் அதிர்ந்தது. வெப்சைட் படிவத்தின் வழியாகப் புதுச் செய்தி. நீக்கிய கட்டம் அதில் இருந்தது. நிரம்பியும் இருந்தது.

'அவ போய்ட்டா.'

"இல்ல. வேணாம். நான் சும்மா எழுதினேன்," என்றாள் சுடர்விழி. அந்த மேசையும் வேண்டாம், பாரிஸும் வேண்டாம், இவள் மறுபடி ஒரு தடவை சிரித்தால் போதும். ஓடிப்போய் அவளுடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தினாள்.

ஐஸ் மாதிரி இருந்தன.

நிற்கவில்லை. கீபோர்டை விட்டுவிட்டு அந்த விரல்கள் சுடர்விழியின் மணிக்கட்டில் அடிக்கத் தொடங்கின. மெதுவாக. ஒவ்வொன்றாக. ஒவ்வொரு அடிக்கும் சுடர்விழியின் செல்போன் அதிர்ந்தது.