பூட்டுப் போட்ட தெர்மோஸ்டாட்

"ஃபர்னஸ் மறுபடியும் நின்னுடுச்சு!"

ஜனவரி மாதத்து வின்னிபெக்கில் இப்படி ஒரு குரல் கேட்டால் எந்தக் குடும்பத்திலும் முதலில் கம்பளிச் சட்டையைத் தேடுவார்கள். குரல் கொடுத்த ஸெனோனோ முதலில் மனைவியைத் தேடினார்.

ஓரீசியா சமையலறையில் மாமியாருக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே பனி பூத்திருந்தது. நிலவறை ஃபர்னஸிலிருந்து சூடான காற்று வரும் காலடித் துவாரத்தில் சூடு நின்றுபோய், வெறும் குளிர்காற்று உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது.

"என்ன பண்ணினே?"

"நான் என்னங்க பண்ணேன்... கஞ்சி கிண்டிட்டிருக்கேன்."

"நிலவறைப் படிக்கட்டுல இருக்கிற ஃபர்னஸ் சுவிட்சைத் தொட்டியா?"

"தொடலைங்க..."

"தொடாம எப்படி நிக்கும்? மிஷினுக்கு என்ன, கோபமா?"

ஸெனோன் தேவாலயக் கமிட்டியின் தலைவர். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, கூடியிருப்போரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கேட்பார். அப்படிப்பட்டவருடைய வீட்டில், அவருடைய தாயார் குளிரில் நடுங்குவதென்றால்!

தொந்தரவு கிறிஸ்துமஸோடு ஆரம்பித்தது. எங்கள் தேவாலயத்துக் கிறிஸ்துமஸ்தான், பழைய நாள்காட்டிப்படி ஜனவரியில் வருவது. ஃபர்னஸ் பற்றிக்கொள்ளும், கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், பட்டென்று அணைந்துவிடும். பிறகு தானாகவே ஆறி, தானாகவே மறுபடி எரியும். ஸெனோன் இதைத் தீர ஆராய்ந்து, மனைவிதான் காரணம் என்று கண்டுபிடித்தார். ஆதாரமும் இருந்தது. அவருக்கு வேலை போன அந்த ஒரு குளிர்காலம் முழுக்க, ஓரீசியாதான் வீட்டுச் சூட்டைக் குறைத்து வைத்து, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குடும்பத்தைக் கரையேற்றினாள். அன்றைக்கு அதற்குப் பெயர் சிக்கனம். இன்றைக்கு அதே சிக்கனம் சாட்சிக் கூண்டில் ஏறி அவளுக்கு எதிராகவே பேசியது.

சுவரில் இருந்த, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியை அடித்து, பூட்டுப் போட்டு, சாவியைக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்துச் சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டார் ஸெனோன். ஃபர்னஸ் இந்த ஏற்பாட்டைச் சற்றும் பொருட்படுத்தவில்லை. அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

ரிப்பேர்க்காரனும் வந்து போனான். அவன் நிலவறையில், காற்றை வடிகட்டும் ஃபில்டரின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு டார்ச்சோடு குந்தியிருந்த வரைக்கும் அது சமர்த்தாக எரிந்தது. அவன் ஏதோ ஒரு கம்பியை மாற்றினான், மூடியை மாட்டினான், போனான். அவன் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஃபர்னஸ் அணைந்துவிட்டது. "இந்தச் சின்ன விளக்கு சிமிட்டுறதைப் பாத்தா, ரொம்ப சூடாகித் தானா நிக்குதுன்னு சொல்லுதுங்க" என்று அவன் சொன்னதை ஸெனோன் கமிட்டி கூட்டத்தில்கூடச் சொல்லிச் சிரித்தார். "நாங்க விறைச்சுக் கிடக்கோம்... மிஷினுக்கு ரொம்ப சூடாம்!"

வாசலில் கார் சத்தம் கேட்டது. ஸெனோனின் தங்கை ஹான்யா. எஞ்சினைக்கூட அணைக்காமல் உள்ளே வந்தாள்.

"அம்மா ரெடியா? முதியோர் இல்லத்துல பேசிட்டேன். அங்க நாள் பூரா சூடு வருது." அப்புறம் ஓரீசியாவின் பக்கம் திரும்பினாள். "ஏன் அண்ணி... அம்மா இங்க இருக்கிறது பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! குளிர வச்சா விரட்டணும்?"

கரண்டி ஓரீசியாவின் கையிலேயே நின்றது.

"ஹான்யா... அத்தையைப் பாத்துக்கணும்னுதான் பள்ளிக்கூட சமையல் வேலையை விட்டேன். சூடு நல்லா வர்ற ரூமை அவங்களுக்குக் குடுத்துட்டு நான் தையல் மிஷின் பக்கத்துல சோபாவுல படுக்கறேன். நானா... நானா அவங்களைக் குளிர வைப்பேன்?"

"பூட்டுப் போட்டும் நிக்குதே, அதுக்கென்ன சொல்றே?" என்றார் ஸெனோன்.

ஓரீசியாவுக்குக் கண்ணீர்தான் வந்தது. அவள் மாமியாரைப் பார்த்தாள். தெக்லா கோட்டு மாட்டி, தலையில் பூப்போட்ட துணியைக் கட்டி, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் சொன்னதையெல்லாம் தாங்கிக்கொண்ட ஓரீசியாவால் அந்த மௌனத்தை மட்டும் தாங்க முடியவில்லை.

கடைசியில் தெக்லா பேசினாள். "ஓரீசியா... சாப்பாட்டு மேசைக்கு அடியில பண்டிகை வைக்கோல் இருக்கில்ல, அதுல ஒரு பிடி எடுத்துக் குடும்மா. அங்க போய் தலகாணிக்கு அடியில வச்சுக்கறேன். நம்ம வீட்டு வாசனை இருக்கும்..."

பண்டிகை விருந்துக்கு எங்களவர் எல்லா வீட்டிலும் மேசைக்கு அடியில் ஒரு பிடி வைக்கோல் போடுவார்கள், பாலன் பிறந்த தொழுவத்தின் ஞாபகமாக. இந்த வருஷம் விருந்துக்குப் பாதிரியார் வந்தார். அதனால் ஸெனோன் ஒரு கட்டே வாங்கி வந்தார். ஜன்னலோரம் கிடந்த மேசையைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்து, முன்னோர்களைப் பற்றி நீளமாக ஓர் உரையாற்றி, தன் கையாலேயே வைக்கோலைப் பரப்பினார். பாதிரியாரின் காலணியில் தூசி ஒட்டக்கூடாதே என்று அதன்மேல் கம்பளத்தையும் விரித்தார்.

ஓரீசியா முந்தானையில் — அதாவது ஏப்ரன் நுனியில் — கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைவிரிப்பைத் தூக்கி உள்ளே தவழ்ந்தாள். கம்பளத்தைச் சுருட்டினாள். வைக்கோலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கீழேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல, தரையோடு தரையாக அப்பிக் கிடந்தது. முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் பலமாக இழுத்தாள். பாய் மாதிரி ஒரே படலமாக எழுந்து வந்தது.

அடியில் கறுப்பு இரும்புச் சல்லடை.

ஹூ...ம் என்று வீட்டுக் காற்று மொத்தமும் அதற்குள் இறங்கியது. அவள் ஏப்ரன் நுனி சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டது.

ஓரீசியா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வருஷா வருஷம் அவள் தூசி உறிஞ்சித் துடைக்கும் சல்லடைதான் அது. வீட்டுக் காற்று இதன் வழியே கீழே போய்த்தான் சூடாகித் திரும்ப மேலே வரவேண்டும். இந்த வாயை அடைத்துவிட்டால்? காற்று கிடைக்காத நெருப்பறை தன்னையே சுட்டுக்கொண்டு, பயந்துபோய் அணைந்துவிடும். ரொம்ப சூடாகி நிற்கிறது என்று ரிப்பேர்க்காரன் சொன்னானே! ஃபில்டர் மூடி திறந்திருந்தபோது மட்டும் ஒழுங்காக எரிந்ததே... நிலவறைக் காற்றையாவது குடித்து உயிர் பிழைத்திருக்கிறது!

"ஏங்க... கொஞ்சம் இங்க குனிஞ்சு பாருங்களேன்."

தலைவர் குனிந்தார். பார்த்தார். கனைக்க மறந்தார்.

கீழே ஃபர்னஸ் குப்பென்று பற்றிக்கொண்டது. நான்கு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கெண்டியில் வைத்த தண்ணீர் கொதித்தது. இந்த நேரத்துக்கெல்லாம் வழக்கமாக அணைந்திருக்கும். ஹான்யா தேநீர் ஊற்றினாள். எரிந்தது. தேநீர் ஆறியும் போயிற்று. இன்னும் எரிந்தது. ஜன்னல் பனி கரைந்து ஒரு கோடாக வழிந்தது.

"இந்த வைக்கோலைப் போட்டது யாருடா?" என்றாள் தெக்லா.

"அது... நம்ம பாரம்பரியம்மா..."

"பாரம்பரியம் ஒரு பிடிடா! நீ கொட்டினதுல ரெண்டு மாடு குளிர்காலம் பூரா சாப்பிடும். ஆண்டவர் பொறந்த தொழுவத்துலகூட இவ்வளவு இருந்திருக்காது!"

ஹான்யாவுக்குச் சிரிப்பு வந்தது, அண்ணியைப் பார்த்ததும் அடங்கியது. "கார் எஞ்சின் ஓடிட்டே இருக்கு..." என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனாள். எஞ்சினை அணைத்துவிட்டு வந்து அண்ணியின் தோளைத் தொட்டாள்.

ஓரீசியா மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. "அத்தை... நீங்களும் நான்தான்னு நம்பிட்டீங்களா?"

"நம்புறதா?" தெக்லா பையைக் கீழே வைத்தாள். "நான் இருமி முடிக்கிறதுக்குள்ள வெந்நீரோட வந்து நிக்கிறவடி நீ! நான் இங்க இருக்கிறதாலதானே இவன் உன்னைத் திருடி மாதிரி விசாரிக்கிறான்... நான் போயிட்டா அந்தப் பூட்டைக் கழட்டிடுவான்னு நினைச்சேன். அதுக்குத்தான்டி கிளம்பினேன்..."

"எனக்காகவா அத்தை!"

மாமியார் கோட்டோடேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வைக்கோல் நடுவில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இரண்டு பேருமே ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாய் திறந்த ஒரே ஆள் தலைவர்தான்.

அவர் எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். "இந்தச் சந்தர்ப்பத்தில்..."

"முதல்ல சாவியைக் குடுங்க" என்றாள் ஓரீசியா. "அப்புறம் கீழ போய் ஃபில்டர்ல இருக்கிற வைக்கோல் தூசியைத் தட்டுங்க."

சாவிக் கயிறு சிலுவைச் சங்கிலியோடு சிக்கியிருந்தது. அவர் தலையைக் குனிந்து நிற்க, அவள்தான் பொறுமையாகப் பிரித்து எடுத்தாள். பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். ஒரு பிடி வைக்கோலைக் கொண்டுபோய் மாமியாரின் தலையணைக்கு அடியில் வைத்தாள். இந்த வீட்டுத் தலையணைதான்.

திரும்பி வந்தபோது நிலவறைப் படிக்கட்டில் ஸெனோன் உட்கார்ந்திருந்தார். தலைமுடியெல்லாம் தூசி, மடியில் அழுக்கு ஃபில்டர்.

"ஓரீசியா... தப்பு என்னோடது. நீ ரெண்டு ஸ்வெட்டர் போட்டுட்டு இந்தக் குடும்பத்தைக் காப்பாத்தின அந்த வருஷத்தை நான் மறந்திருக்கக்கூடாது."

அவ்வளவுதான் சொன்னார். கனைக்கவில்லை. அந்த வீட்டில் அவர் உட்கார்ந்துகொண்டே பேசியது அதுதான் முதல் தடவை.

ஓரீசியா அவர் தலையிலிருந்து ஒரு வைக்கோல் துணுக்கை எடுத்துப் போட்டாள்.

"சரி, எழுந்து வாங்க. மறுபடி சூடு பண்ணின கஞ்சி ஆறிடப் போகுது."