எல்லாச் சாதனங்களிலிருந்தும்

கல்யாணம் முடிந்து கீரனூரிலிருந்து கார் அறந்தாங்கிக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. மாமியார் ஆசீர்வாதமேரி வாசலில் வைத்து ஷர்லியின் நெற்றியில் சிலுவை போட்டு உள்ளே அழைத்தார். குவைத் சம்பளத்தில் கட்டிய வீடு. கூடத்துச் சுவரில் பெரிய டீவி. புதுப்பெண் வலதுகாலை எடுத்து வைத்து நிமிர்ந்தபோது, அந்த டீவியில் வேறொரு பெண் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் சேலை, வேளாங்கண்ணிக் கடற்கரை, காற்றில் பறக்கும் முடி. படம் மாறியது. அதே பெண், பரோட்டாவைப் பிய்த்தபடி. மறுபடி மாறியது. அதே பெண்ணின் தோளில் கைபோட்டு வாய்விட்டுச் சிரிக்கும் ஆரோக்கியதாஸ். ஷர்லிக்குத் தாலி கட்டியபோதுகூட மனுஷன் அப்படிச் சிரிக்கவில்லை.

"டீவியைச் சும்மா விட்டா அதுவா ஓடும்மா," என்றார் மாமியார். "போன்ல எடுக்குற போட்டோவெல்லாம் தானா இதுல வந்துரும். சகாயம் இருந்தப்பவே அப்படிப் போட்டு வச்சாச்சு."

சகாயராணி, ஆரோக்கியதாஸின் முதல் மனைவி. மூளைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. உயிரோடிருக்கும் சக்களத்தி என்றால் முடியைப் பிடித்துச் சண்டை போடலாம். ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். செத்தவளை என்ன செய்வது? அவளுக்கு வயதாகாது, கோபம் வராது, குழம்பில் உப்பு மறக்காது. சுவரில் சிரித்துக்கொண்டே இருப்பாள்.

லீவு முடிந்து குவைத்துக்குக் கிளம்புவதற்குமுன் ஆரோக்கியதாஸ் ஷர்லிக்குப் புதுப்போன் வாங்கிக் கொடுத்தார். அதில் மெயில் ஐடியும் அவரே போட்டார். சகாயராணியின் ஐடி.

"நம்ம வீட்டு டீவி, என் போன், எல்லாம் இதுலதான் ஓடுது. இந்தப் பாஸ்வேர்டு ஒண்ணுதான் எனக்கு மறக்காது. நீயும் இதுலயே இருந்துக்க."

"எனக்குன்னு புதுசா ஒண்ணு போட்டுத் தந்தா என்னங்க?"

"எதுக்கு? தனித்தனியா இருந்தா நீ எடுக்குற போட்டோ எனக்கு வராது."

போன் வெளிச்சமானது. 'வணக்கம், சகாயராணி' என்றது. ஷர்லி அதை அவரிடம் காட்டவில்லை.

அவர் போன பிறகு ஷர்லியிடம் கல்யாணத்துக்கு அடையாளமாக மிஞ்சியது அந்தப் போன்தான். கோவிலில் மோதிரம் மாற்றியது, குடுமியான்மலைப் பாறையில் இருவரும் உட்கார்ந்திருந்தது, கீரனூர்க்காரர்கள் அனுப்பியதும் அவள் எடுத்ததுமாக எல்லாம் அதற்குள் இருந்தன. ஆனால் ஒன்றுகூட டீவிக்கோ அவர் போனுக்கோ ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் 'சேமிப்பிடம் நிரம்பிவிட்டது' என்றே வந்தது.

"கல்யாணப் போட்டோ இன்னும் இங்கிட்டு வரலையே," என்றார் ஆரோக்கியதாஸ் வீடியோ காலில். "ரூம்ல ஒன் சம்சாரத்தைக் காட்டுடான்னு கேக்குறாங்க. நான் எதைக் காட்ட?"

எதைக் காட்டினாரோ. அவர் போனிலும் சகாயராணிதானே இருந்தாள். ஷர்லிக்கு வயிறு எரிந்தது. வாழவந்த வீட்டில் தன் நாலு படத்துக்குக்கூட இடமில்லை என்றால் எவளுக்குத்தான் எரியாது?

ஒரு மத்தியானம், மாமியார் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தபோது, ஷர்லி உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாள். வேளாங்கண்ணி, பரோட்டா, கடற்கரை, கிறிஸ்துமஸ் குடில். சகாயராணி இருந்த எல்லாவற்றையும். போன் ஒரு தடவை கேட்டது.

'எல்லாச் சாதனங்களிலிருந்தும் இவை நீக்கப்படும். தொடரவா?'

எல்லாவற்றிலிருந்தும் என்றால் இன்னும் நல்லது. அவள் தொட்டாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள்.

சாயங்காலத்துக்குள் அவளுடைய படங்கள் ஏறிவிட்டன. டீவியில் ஷர்லி மோதிரம் மாற்றினாள். மாமியார் கொஞ்ச நேரம் பார்த்தார். "பழசெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டார். "எடம் பத்தாம அதுவா அழிஞ்சிருக்கும் அத்தை," என்றாள் ஷர்லி. குவைத்திலிருந்து அவர் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். அவர் புதுப்படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு, "போவட்டும். நீ பட்டுச்சேலையில நல்லாத்தான் இருக்க," என்றார். அன்றைக்கு ஷர்லி தரையில் நடக்கவில்லை.

அடுத்த நாள் பகலில் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். டீவியில் மோதிரம் மாற்றும் படம் போய், கருப்பாக ஒரு படம் வந்தது.

டீவி அணைந்துவிட்டது என்று நினைத்தாள். அடுத்து குடுமியான்மலை வந்தது. அதற்கடுத்து மறுபடியும் கருப்பு.

போனில் பார்த்தாள். கருப்புப் படங்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. எல்லாம் இன்றைய தேதி. ஒன்றைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினாள். வெள்ளைச் சாட்டின் துணி, சுருக்கம் சுருக்கமாக, முகத்துக்கு நேரே வெகு பக்கத்தில். ஓரத்தில் பூவேலை. ஓரிடத்தில் துணி கிழிந்து, பலகை தெரிந்தது.

கீழே சிறிய எழுத்தில் 'சகாயராணியின் போனிலிருந்து' என்று இருந்தது.

கூடத்தில் ஈர மண் வாசனை அடித்தது. அறந்தாங்கியில் மழை பெய்து மாதக்கணக்கில் ஆகிறது.

மாமியார் அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, அந்த அக்காவோட போன் யாருகிட்ட இருக்கு?"

"அவகிட்டதாம்மா."

"அப்படின்னா?"

"பெட்டிய மூடுறப்ப கையில செபமாலை சுத்தி வப்போம்ல. தாஸ் அதோட போனையும் சேத்து வச்சான். சாமியார் வேணாம்னு சொல்லியும் கேக்கல." மாமியார் உரிப்பதை நிறுத்தவில்லை. "அவ என்னம்மா செய்வா? இங்கிட்டு இருந்துகிட்டு புருசனோட குடும்பம் நடத்துனதே அதுலதான். அது கையில இல்லாட்டி அவளுக்குத் தூக்கம் வராது."

எல்லாச் சாதனங்களிலிருந்தும்.

மண்ணுக்குள், அவள் கைக்குள் இருந்த அந்த ஒன்றிலிருந்தும்.

ஷர்லி கூடத்துக்கு வந்தாள். சாதனங்களின் பட்டியலைத் தேடித் திறந்தாள். டீவி. ஆரோக்கியதாஸின் போன். அவளுடைய போன். நான்காவதாக, சகாயராணியின் போன். அதன் பக்கத்தில் பச்சைப் புள்ளி. 'இப்போது செயலில் உள்ளது.'

'இதை நீக்கு' என்பதைத் தொட்டாள்.

'அந்தச் சாதனத்தில் அனுமதி கேட்கப்பட்டுள்ளது. காத்திருக்கவும்.'

காத்திருந்தாள். போன் கையில் சில்லிட்டது. அடுப்படியில் மொச்சை பாத்திரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

'அனுமதி மறுக்கப்பட்டது.'

டீவியில் மோதிரம் மாற்றும் படம் நடுவிலேயே மறைந்தது.

போனில் பார்த்தாள். கல்யாணப் படங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. வைஃபையை அணைத்தாள். போய்க்கொண்டுதான் இருந்தன. சிம்மைப் பிடுங்கினாள். அப்போதும் நிற்கவில்லை. எந்த அவசரமும் இல்லாமல், தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, யாரோ நிதானமாக அழித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா," என்றாள் ஷர்லி மெதுவாக. "தெரியாமப் பண்ணிட்டேன்கா. விட்டுருங்க."

பொய். தெரிந்துதான் பண்ணினாள். அது அவர்கள் இருவருக்குமே தெரியும்.

குடுமியான்மலைப் பாறை போயிற்று. கடைசியாக, பட்டுச்சேலையில் அவள் மட்டும் நின்ற படமும் போயிற்று.

அடுப்படியில் மொச்சைச் சத்தம் நின்றது. மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், கூடத்தில் நின்றவளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"யாரும்மா நீ? கதவு தொறந்து கெடந்துச்சா?"

"அத்தை. நான் ஷர்லி."

"எந்த ஷர்லி? யாரு வீட்டுக்கு வந்த? மொகமெல்லாம் வேத்துருக்கே, உக்காரும்மா." குரலில் கோபம் இல்லை. வழிதவறி வந்த பெண்ணிடம் பேசும் பிரியம்தான் இருந்தது. அதுதான் ஷர்லிக்குத் தாங்கவில்லை.

டீவி அடித்தது. வீடியோ கால். மாமியார் ரிமோட்டை எடுத்து அழுத்தினார். ஆரோக்கியதாஸின் முகம் சுவரை நிறைத்தது.

"என்னங்க," என்று ஷர்லி ஓடிப்போய் எதிரில் நின்றாள். கழுத்துத் தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். "என்னைப் பாருங்க. நாந்தாங்க."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"யாரும்மா வீட்ல?"

"தெரியலப்பா. பாவம், வயசுப் புள்ள. என்னமோ பயந்துருக்கு."

"ஒரு வாய் தண்ணி குடுத்து அனுப்புங்க. சகாயம் எங்கிட்டு?"

"உள்ளதாம்ப்பா இருக்கா."

ஆசீர்வாதமேரி படுக்கையறைப் பக்கம் திரும்பி, தினமும் கூப்பிட்ட பழக்கத்தோடு கூப்பிட்டார்.

"சகாயம், தாஸ் லைன்ல இருக்கான். வர்றப்ப இந்தப் புள்ளைக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

"வாரேன் அத்தை."

உள்தாழ்ப்பாள் விலகியது.