சாதா பெட்ரோல் போடுங்க!

ரித்திகாவின் அம்மா சாந்தாமணி பைக் ஓட்டுவார். ஸ்கூட்டர் இல்லை, கியர் மாற்றி ஓட்டும் பைக். தோப்புத் தோப்பாகப் போய், தென்னை மரங்களுக்கு நோய் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. கிணத்துக்கடவிலிருந்து ஆனைமலை வரை போக வேண்டும். பாதித் தோப்புகளுக்குப் பஸ்ஸே கிடையாது.

அந்த பைக் திடீரென்று மேம்பாலம் ஏற மறுத்தது.

அன்று மாலை அம்மா ரித்திகாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தார். பாதிப் பாலத்தில் பைக் முனகியது. வேகம் குறைந்துகொண்டே போனது. தேங்காய் மூட்டை ஏற்றிய பழைய மொபெட் ஒன்று அவர்களை முந்தியது.

“ஏனுங்கக்கா, பின்னாடியிருந்து தள்ளி உடட்டுங்களா?” என்று மொபெட்காரர் கேட்டார்.

ரித்திகாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

விஷயம் மோகன்குமார் மாமாவின் காதுக்குப் போனது. அவர் அம்மாவின் அண்ணன். அடுத்த தெருவில் இருந்தார். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும்.

“சாதா பெட்ரோல் போட்டா இப்படித்தான். நூறு ஆக்டேன் பெட்ரோல் போடு சாந்தா. வண்டி பறக்கும்!”

அம்மா போட்டார். விலை அதிகம்தான். பைக் பறக்கவில்லை. பாலத்தில் மூன்றாவது விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்ததும், வழக்கம்போல முனகியது.

ரித்திகா அந்தக் கம்பத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பைக்கில் ஒட்டியிருந்த கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.

“சொல்லுங்க சார், உங்க வண்டியில என்ன பிரச்சனை?” என்றது ஒரு பெண் குரல்.

“நான் சார் இல்லைங்க. ஆறாம் வகுப்பு ரித்திகா. ஆக்டேன்னா என்னங்க? அது அதிகமா இருந்தா வண்டிக்கு வலு கூடுங்களா?”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். “இல்லைம்மா. எஞ்சினுக்குள்ள பெட்ரோலை அமுக்குவாங்க. நேரத்துக்கு முன்னாடியே தீப்பிடிக்காம அது எவ்வளவு தாங்குதுன்னு சொல்றதுதான் ஆக்டேன். ரொம்ப அமுக்குற எஞ்சினுக்கு அதிக ஆக்டேன் வேணும். உங்க பைக்குக்குத் தொண்ணூத்தியொண்ணு போதும். சாதா பெட்ரோலே போடலாம்.”

“அப்ப அது பெட்ரோலோட பொறுமைங்க. வலு இல்லைங்க!”

“அப்படியே வச்சுக்கோம்மா.”

பெட்ரோல் தீர்ந்ததும் அம்மாவும் ரித்திகாவும் பெட்ரோல் பங்க்குக்குப் போனார்கள். அங்கே மாமாவும் தன் காரோடு நின்றிருந்தார்.

“தம்பி, இவங்க வண்டிக்கு நூறு போடு! ஒருவாட்டி போட்டா எப்படித் தெரியும்? மூணுவாட்டி போடணும்!” என்று அங்கிருந்தே உத்தரவு போட்டார்.

பெட்ரோல் போடுபவர் குழாயை எடுத்தார். ரித்திகா சட்டென்று டேங்க்கின் வாயைக் கையால் மூடினாள்.

“வேண்டாங்கண்ணா. சாதா பெட்ரோல் போடுங்க.”

“சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும்? கையை எடு!” என்றார் மாமா.

“எடுக்க மாட்டேனுங்க மாமா.”

பின்னால் நின்ற வண்டிகள் ஹார்ன் அடித்தன. யாரோ “சீக்கிரம்!” என்று கத்தினார்கள். ரித்திகாவின் கை அசையவில்லை.

“இந்த வண்டிக்கு என்ன வேணும்னு கம்பெனியிலயே கேட்டுப்போட்டேனுங்க மாமா. விலை ஜாஸ்தின்னா வலு ஜாஸ்தின்னு அர்த்தமில்லைங்க.”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா ரித்திகாவைப் பார்த்தார்.

“அவ சொல்றதையே போடுங்க,” என்றார் அம்மா.

மாமாவின் மீசை துடித்தது. “சரி! ஞாயித்துக்கிழமை செங்கோடனைக் கூட்டிட்டு வாரேன். பழைய வண்டி வாங்கறவன். பாலம் ஏறலைன்னா வித்துப்போடணும். பொம்பளைக்கு எதுக்கு பைக்கு?”

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினார்.

சாதா பெட்ரோலோடு பைக் பாலம் ஏறத் தொடங்கியது. அதே மூன்றாவது விளக்குக் கம்பம். அதே முனகல்.

“பாத்தீங்களாம்மா? நூறுக்கும் இங்கதான் முனகுச்சு, இதுக்கும் இங்கதான் முனகுது. அப்படின்னா தப்பு பெட்ரோல்ல இல்லை!”

“அது சரி கண்ணு. அப்புறம் எதுலதான் தப்பு?”

அதுதான் ரித்திகாவுக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை மாலைவரை மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தாள்.

அம்மா வேலையிலிருந்து வந்ததும் ஒரு தும்மல் போட்டார். பிறகு இன்னொன்று. தலையிலிருந்து பழுப்புத் தூசி பறந்தது.

“இதென்னம்மா?”

“தேங்காய் நார்த் தூசி கண்ணு. இந்த மாசம் பூரா நார் மில் களத்துலதான் வண்டியை நிறுத்தறேன். மூச்சே உட முடியறதில்லை.”

ரித்திகா துள்ளி எழுந்தாள். “அம்மா! பைக்கும் அங்கதானே நிக்குது? அது எது வழியா மூச்சு விடும்?”

அம்மா ஸ்க்ரூ டிரைவரைத் தேடி ஓடினார்.

பைக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார்கள். உள்ளே காற்றை வடிகட்டும் ஃபில்டர் இருந்தது. அதில் நார்த் தூசி கம்பளிப் போர்வை மாதிரி அப்பியிருந்தது.

“பாவம், இதுக்கும் மூக்கடைப்பு!” என்றாள் ரித்திகா.

இருவரும் கடைவீதிக்கு நடந்துபோய்ப் புது ஃபில்டர் வாங்கி வந்தார்கள். அம்மாவே மாட்டினார். ரித்திகா டார்ச் பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா செங்கோடனோடு வந்தார். அம்மா பைக்கைக் கிளப்பினார். ரித்திகா பின்னால் ஏறிக்கொண்டாள். மாமாவின் கார் பின்தொடர்ந்தது.

பாலம் வந்தது. மூன்றாவது கம்பம் வந்தது. போனது. நான்கு, ஐந்து, ஆறு... பைக் ஒரு முனகல்கூட இல்லாமல் உச்சிக்கு ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. ரித்திகா போட்ட கூச்சலில் ரோட்டோரம் நின்ற மாடு மிரண்டு ஒதுங்கியது.

வீட்டு வாசலில் செங்கோடன் காரிலிருந்து முதல் ஆளாக இறங்கினார்.

“வண்டி அருமையா இழுக்குதுங்க! நல்ல விலைக்கே எடுத்துக்கறேனுங்க.”

“நூறு போட்டிருப்பாங்க. நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார் மாமா.

“சாதாதானுங்க மாமா,” என்றாள் ரித்திகா.

மாமா இருமினார். “எதுவோ ஒண்ணு. நல்ல விலை வருதுல்ல? குடுத்துரு சாந்தா.”

“இது விக்கறதுக்கில்லைங்கண்ணா,” என்றார் அம்மா. “நாளைக்கு நான் ஆனைமலைக்குப் போகோணும். காப்பி வைக்கறேன், ரெண்டு பேரும் குடிச்சுட்டுப் போங்க.”

சாவியைக் கழற்றி ரித்திகாவிடம் நீட்டினார். சாவி தன்னிடம்தான் வரும் என்று மாமா கையை நீட்டியபடி நின்றிருந்தார். ரித்திகா சாவியை வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து, அவரைத் தாண்டி வீட்டுக்குள் நடந்தாள்.