அறுபது சதவீதம் தம்பி!

சதக்!

முதல் வெட்டு வேலுசாமியின் தோளில் இறங்கியது.

"ஏலே முத்து... எதுக்குடா..?"

"ஒன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல வேலு. எந்தம்பி உள்ள போகணும்... அம்புட்டுத்தான்!"

இரண்டாவது வெட்டு கழுத்தில்! மோட்டார் ரூம் சுவரெங்கும் ரத்தம் பீச்சியடித்தது. வேலுசாமி தொட்டிக்குள் சரிந்தான். தண்ணீர் சிவந்தது.

வடமதுரைப் பக்கம். பட்டப்பகல் பன்னிரண்டு மணி. முத்துக்கிருஷ்ணனுக்கு வியர்க்கக்கூட இல்லை.

கிணறு மூன்று குடும்பத்துக்குப் பொது. இன்றைக்குத் தண்ணீர் முறை தம்பி பொம்மையனுடையது. முறை தப்பி மோட்டார் போட்டான் என்று வேலுசாமியின் சட்டையைப் போன வாரம்தான் பொம்மையன் பிடித்தான், ஊரே பார்க்க! அவன் ஜெயிலுக்குப் போனால் பங்கு பிரிக்காத தென்னந்தோப்பு முழுசும் அண்ணனுக்கு.

மிச்சம் ஒரு வேலைதான். தன் உள்ளங்கையைக் கீறினான். கதவில், ஸ்விட்ச் போர்டில், வாசல்படியில்... சொட்டுச் சொட்டாக விட்டான்.

பைத்தியமா? இல்லை... கில்லாடி!

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்கு ரத்தப் புற்றுநோய். பொம்மையன் கொடுத்த ஸ்டெம் செல்தான் பிழைக்க வைத்தது. அன்றிலிருந்து அவன் உடம்பில் ஊறுவது தம்பியின் ரத்தம். டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் பொம்மையனைத்தான் காட்டும் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

உயிர் கொடுத்தவனுக்குச் செய்கிற நன்றி... த்தூ!

நினைத்தபடியே நடந்தது. போலீஸ் பொம்மையனை அள்ளிப்போய், அடித்து நொறுக்கி, ஜெயிலில் தள்ளியது.

மூன்று வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் மணிமேகலை அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். பெஞ்சில், ஜெயிலிலிருந்து கூட்டிவந்த பொம்மையன் விலங்கோடு. உதட்டுக் காயம் இன்னும் ஆறவில்லை.

"ரிசல்ட் வந்திருச்சு. சிந்திக்கிடந்த ரத்தம் உங்க தம்பியோடது" என்றார்.

"பாவிப்பயலே! குடும்ப மானத்த வாங்கிட்டியேடா!" முத்துக்கிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"பொறுங்க, கொஞ்சம் அழுகைய மிச்சம் வைங்க. ஒவ்வொரு சொட்டுலயும் இன்னொருத்தர் டிஎன்ஏவும் கலந்திருக்கு. ரெண்டும் கூடப்பொறந்தவங்களோடதாம். உங்கம்மாவுக்கு எத்தனை புள்ளைக?"

"ரெ... ரெண்டு..."

"அண்ணனுக்கே உசுரு குடுத்தவன், கொலை பண்ணுவேனான்னு ஒந்தம்பி கதறுனான். டாக்டரைப் புடிச்சேன். தம்பி செல்லு ஒடம்புல எம்புட்டு நிக்குதுன்னு பாக்குற டெஸ்ட்டுக்கு நீ ஒரு வருஷமா போகலையாமே?"

"நல்லாத்தானே இருக்கோம்னு..."

"நல்லா இல்லய்யா! நூறு இருக்கவேண்டிய தம்பி செல்லு, நீ சிந்துன சொட்டுல அறுபதுக்கு எறங்கிருச்சு. மிச்ச நாப்பது ஒன்னோட ரத்தம். நோய் திரும்புதுங்கிறாரு டாக்டர். மறுபடியும் ஸ்டெம் செல் ஏத்தலைன்னா நீ தாங்கமாட்ட."

முத்துக்கிருஷ்ணன் கதவைப் பார்த்துப் பாய்ந்தான்!

கான்ஸ்டபிளின் லத்தி முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம்! குப்புற விழுந்தவன் தவழ்ந்துபோய்த் தம்பியின் காலைப் பிடித்தான்.

"அப்பு... பொம்மையா... அண்ணனைக் கைவிட்றாதய்யா..."

"கோர்ட் வாசல்ல வேலு மாமா மக என் மூஞ்சியில மண்ணை வாரி எறிஞ்சுச்சுண்ணே." பொம்மையன் காலை உருவிக்கொண்டான்.

விலங்கைக் கழற்றி அண்ணன் கையில் மாட்டினார் மணிமேகலை.

"மதுரை ஹைகோர்ட்டுக்கு அப்புறம் போகலாம் முத்துக்கிருஷ்ணா... மொதல் அப்பீலைத் தம்பிகிட்ட போடு!"