அறுந்த கம்பியும் வெள்ளி விரல் தடமும்

சனிக்கிழமை காலை கற்பகம் அலுவலகத்தைத் திறக்க வந்தபோது, பூட்டிய கதவுக்கு முன்னால் செய்யது அபுதாஹிர் நின்றுகொண்டிருந்தார். சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருப்பவர். விருதுநகர் கடைத்தெருவில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

"உள்ள வாங்க பாய். காபி சாப்பிடுறீகளா?"

"காபி இறங்காதும்மா." உட்கார்ந்ததும் பையிலிருந்து விரல் தடிமன்கூட இல்லாத ஒரு இரும்புக் கம்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். பல இழைகளை முறுக்கிச் செய்த கம்பி. அதன் ஒரு நுனி சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. "என் மகளைக் கொல்லப் பாக்குறாக."

கற்பகத்தோடு வந்து மேசையின் மறுபக்கம் நோட்டைத் திறந்த பானுப்பிரியாவின் பேனா அப்படியே நின்றது. அவள் சட்டம் படித்துவிட்டு கற்பகத்திடம் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கற்பகம் பல வருடங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பட்டாசு ஆலைத் தீ விபத்துகளைப் பார்வையிட்டவர். எது தானாகப் பிடித்த தீ, எது வைத்த தீ என்று சாம்பலைப் பார்த்துச் சொல்வார். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். சாம்பலுக்குப் பதில் மனிதர்கள்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க."

அபுதாஹிர் சொன்னார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த டைகர் மாத் என்ற இரட்டை இறக்கை விமானம் ஒன்று, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மூடிய மில்லில் துருவேறிக் கிடந்தது. அதை அவர் வாங்கி, சாத்தூருக்குத் தெற்கே தன் நிலத்தில் இருந்த பழைய தீப்பெட்டிக் கொட்டகையில் வைத்து ஐந்து வருடமாகச் சரிசெய்துவருகிறார். விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாகையாதான் மெக்கானிக். அபுதாஹிரின் மகள் சபியா விமானம் ஓட்ட முறையாகப் பயின்றவள். நாளை ஞாயிற்றுக்கிழமை காலை அவள்தான் முதல்முறையாக அதைப் பறக்கவிடப் போகிறாள்.

"பத்து நாளைக்கு முன்னாடி டயரைக் கிழிச்சிருந்தாக. மாத்தினோம். அப்புறம் முன்னாடி சுத்துற காத்தாடியோட போல்ட்டு எல்லாத்தையும் கழட்டிட்டாக. வேற வாங்கிப் போட்டோம். நேத்து மத்தியானம் இந்தக் கம்பி. நாகையா சாப்பிடப் போயிருந்தாரு, நான் தொழுகைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா வெட்டுப்பட்டுத் தொங்குது."

"யார் மேலயாச்சும் சந்தேகம் இருக்கா?"

"பக்கத்துல பட்டாசு ஆலை வச்சிருக்காரு காளீஸ்வரன். என் ஆலைக்கு மேல விமானம் பறக்கக் கூடாதுன்னு சூலக்கரை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தவரு. வேற யாரு இருக்கா?"

"பறக்குறதைத் தள்ளிப்போடலாமே?"

"மழை இறங்கிட்டா கரிசக்காட்டுல ஓட முடியாது. அதுக்குள்ள பறக்குற அனுமதியும் முடிஞ்சிரும். புதுக் கம்பி கையில இருக்கு. இன்னிக்குள்ள மாட்டிருவேன்னு நாகையா சொல்லுறாரு."

கற்பகம் அந்தக் கம்பியை எடுத்து வெட்டுப்பட்ட நுனியைச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "மாட்டட்டும். ஆனா நான் சொல்லுற வரைக்கும் சபியா அதுல ஏறக் கூடாது."

*

கொட்டகையின் இரும்புக் கதவு திறந்ததும் விமானம் வெள்ளிநிறத்தில் மினுங்கியது. மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை. இரண்டும் மரச்சட்டங்களின்மேல் துணியை இழுத்துக் கட்டி, டோப் என்ற பூச்சைப் பூசிச் செய்தவை. பூச்சு காயும்போது துணி முரசுத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும் என்று நாகையா விளக்கினார். மெலிந்த மனிதர். காக்கிச் சட்டையில் ஒரு கறைகூட இல்லை.

"அக்கா, யாரோ நகப்பூச்சுப் போட்டிருக்காக," என்று பானுப்பிரியா மூக்கைச் சுருக்கினாள். "வாசனை வருது."

கற்பகம் திரும்பி சபியாவின் விரல்களைப் பார்த்தார். அவள் எதுவும் பூசியிருக்கவில்லை. விமானத்தின் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள், அண்ணன் சுஃபியானோடு. சுஃபியான் சிவகாசி அச்சகத்தைக் கவனிப்பவன். தங்கையைவிட அவன் முகம்தான் அதிகம் வாடியிருந்தது.

"வெட்டுன கம்பி எங்க ஓடுது, அண்ணாச்சி?" என்று கற்பகம் நாகையாவிடம் கேட்டார்.

அவர் வால் பக்கம் கூட்டிப்போனார். கம்பி விமானத்தின் உடம்பிலிருந்து வெளியே வந்து, வாலில் அசையும் பலகையோடு சேர்கிற இடத்தில் வெட்டியிருந்தார்கள். எவர் நடந்து போனாலும் கண்ணில் படும் இடம்.

"இது அறுந்தது தெரியாம மேல ஏறியிருந்தா என்ன ஆகும்?"

"மூக்கைத் தூக்க முடியாதும்மா. ஆனா ஏறவே ஏறாது. கிளப்புறதுக்கு முன்னாடி வாலை ஆட்டிப் பாக்குறது வழக்கம். அப்பவே தெரிஞ்சுபோகும்."

"எதால வெட்டியிருக்காக?"

நாகையா சுவரில் மாட்டியிருந்த கம்பிவெட்டியை எடுத்துக் காட்டினார். அதன் சிவப்புக் கைப்பிடியில் வெள்ளிநிறத்தில் ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது.

பானுப்பிரியா குனிந்து பார்த்தாள். "அக்கா, அலுமினியப் பொடி. பட்டாசுல வெள்ளை வெளிச்சம் வர்றதுக்குப் போடுவாகளே, அது. காளீஸ்வரன் ஆலையில எல்லார் கையிலயும் இது இருக்கும்."

கற்பகம் கைக்குட்டையால் தடத்தின் ஓரத்தைத் துடைத்தார். கைக்குட்டையில் எதுவும் ஒட்டவில்லை. அலமாரியில் இருந்த தின்னரில் பஞ்சை நனைத்து ஒரு முறை தொட்டார். பஞ்சு வெள்ளியானது.

"அண்ணாச்சி, இந்த டோப் பூசி முடிச்சு எம்புட்டு நாளாச்சு?"

"போன மாசமே முடிஞ்சுருச்சும்மா."

"கம்பிவெட்டியைக் கடைசியா எப்பத் துடைச்சீக?"

"சாமான் எல்லாத்தையும் தினம் தின்னர் தொட்டுத் துடைச்சு மாட்டிட்டுத்தான் படுப்பேன். நேத்து கம்பி வெட்டுப்பட்டதப் பாத்த பின்னாடி இதை மட்டும் துடைக்கல. ராத்திரி இங்கனயே ஒரு கட்டில்."

கற்பகம் கம்பிவெட்டியை அவரிடமே கொடுத்தார். கொட்டகையின் பின்பகுதிக்கு நடந்தார். அங்கே இறக்கைகளை வைக்கும் மரத்தாங்கிகள் காலியாகக் கிடந்தன. ஒன்றின் கால் பிளந்து, ஆணியடித்து ஒட்டுப் போடப்பட்டிருந்தது. பிளவின் ஓரத்தில் நீலப் பெயின்ட். பக்கத்துத் தரை மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருந்தது. அவர் குனிந்து சிமெண்ட் வெடிப்பிலிருந்து விரல்நுனி நீளமுள்ள ஒரு பச்சைநிறத் துண்டை எடுத்தார். பட்டாசுத் திரி.

"நீங்க எப்பயாச்சும் வெளியூர் போனீகளா, அண்ணாச்சி?"

"மகளுக்குப் பிரசவம். ஒரு வாரம் மதுரையில இருந்தேன். இறக்கை ரெண்டும் துணி கட்டிப் பூசித் தாங்கியில இருந்துச்சு. வந்த பின்னாடிதான் மாட்டினேன்."

"கொட்டகைச் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. சுஃபியான் தம்பிகிட்ட ஒண்ணு."

*

வேலிக்கு அப்பால் காளீஸ்வரன் ஆலையின் முன் ஒரு டிராக்டர் நின்றிருந்தது. அதன் பின்னால் நீலநிற டிரெய்லர். காளீஸ்வரன் தானே வந்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நான் எதுக்கு மேடம் கம்பிய வெட்டணும்? மனு குடுத்திருக்கேன். அதுபோதும்."

"அது மேல ஏறினா என்ன ஆகும்னு நெனைக்கிறீக?"

"விழுந்தா என் ஆலையில விழும். அம்புட்டுதான் எனக்குத் தெரியும்."

திரும்பி வரும்போது சுஃபியான் வாசலில் நின்றிருந்தான். நாகையாவிடம் கேட்ட கேள்வியையே கற்பகம் அவனிடமும் கேட்டார், சாதாரணமாக. "அந்தக் கம்பி அறுந்தது தெரியாம தங்கச்சி மேல போயிருந்தா என்ன ஆகியிருக்கும் தம்பி?"

அவன் தரையைப் பார்த்தான். "மேல போயி ஒரு திருப்பம் திரும்பினதும் மடங்கிரும் மேடம். தப்பிக்கவே முடியாது."

"நேத்து மத்தியானம் எங்க இருந்தீக?"

"சிவகாசியில. அச்சகத்துல."

கற்பகம் தலையசைத்தார். நடந்து போகும்போது பானுப்பிரியா அவரை ஒட்டிக்கொண்டு வந்தாள். "காளீஸ்வரன்தான் அக்கா. திரி இருக்கு, டிரெய்லர் பெயின்ட் இருக்கு. கூப்பிட்டு மிரட்டுனா ஒத்துக்குவாரு."

"அவரு எதையோ செஞ்சாரு, சரி. கம்பிய வெட்டினது அவரா?" கற்பகம் நின்றார். "ஒருத்தரைக் கொல்லணும்னா எங்க வெட்டுவ? யாரும் பாக்காத எடத்துல. டயரு, போல்ட்டு, இந்தக் கம்பி. மூணுமே கிளம்புறதுக்கு முன்னாடி கண்ணுல படுற எடம்."

பானுப்பிரியா யோசித்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

*

மதியத்துக்குப் பின் எல்லோரும் விமானத்தைச் சுற்றி நின்றார்கள். அபுதாஹிர் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காளீஸ்வரன் வர மாட்டேன் என்றார். அடுத்து கலெக்டர் ஆபீஸிலிருந்துதான் கூப்பிடுவார்கள் என்று பானுப்பிரியா சொன்னதும் வந்தார்.

"கம்பிய வெட்டுனவரு சபியாவைக் கொல்ல நெனைக்கல," என்றார் கற்பகம். "அவ பறக்கக் கூடாதுன்னு நெனைச்சாரு. அதான் ஒவ்வொரு தடவையும் எல்லாரும் பாக்குற மாதிரி செஞ்சாரு. அவருக்கு விமானத்துல வேற ஏதோ தெரியும். வெளியே சொல்ல முடியாதது."

"என்னது?" என்றாள் சபியா.

"கம்பிவெட்டியில இருந்தது பொடி இல்ல. பொடின்னா துடைச்சதும் கைக்குட்டையில ஒட்டும். இது டோப். விரல்ல ஈரமா இருந்திருக்கு. பூச்சு வேலை முடிஞ்சு ஒரு மாசமாச்சு, ஆனா நேத்து யாரோ பூசியிருக்காக. பானுவுக்கு நகப்பூச்சு வாசனை வந்துச்சுல்ல, அதுவும் அதுதான். காயாத டோப் அப்படித்தான் மணக்கும். நேத்து எதுக்குப் பூசணும்? துணிய வெட்டித் தெறந்து பாத்துட்டு, திரும்ப ஒட்டணும்னா பூசணும்." அவர் கீழ் இறக்கைக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தார். இடது இறக்கை உடம்போடு சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, மற்ற துணியைவிடக் கூடுதலாக மினுமினுக்கும் ஒரு சதுரம். "அண்ணாச்சி, இதைத் தெறங்க."

நாகையா கத்தியைச் செருகித் துணியை உரித்தார். டார்ச்சை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு இறக்கையை விட்டு நகர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சட்டம் பிளந்திருக்கு," என்றார். "முன் சட்டம். நீளத்துக்குப் பிளந்திருக்கு. நான் இதைத்தான் மாட்டியிருக்கேன், பாய். துணி நல்லா இருக்குன்னு பாக்காம மாட்டியிருக்கேன்."

"நீங்க மாட்டும்போது வெளியே தெரிஞ்சிருக்காது," என்றார் கற்பகம். "நீங்க மதுரையில இருந்தப்ப ஒரு டிரெய்லர் இந்தத் தாங்கிய இடிச்சிருக்கு. நீல டிரெய்லர். சீசன் நேரம். ஆலையில அனுமதிக்கு மேல சரக்கு சேர்ந்துபோச்சு, வைக்க எடமில்ல. ராவோட ராவா இங்க இறக்கினாக. அப்புறம் தரையக் கழுவிட்டாக, ஆனா ஒரு துண்டு திரி கெடந்துச்சு. அண்ணாச்சி ஊர்ல இல்லாதப்ப கதவைத் தெறக்க ஒரு சாவிதான் இருந்துச்சு."

யாரும் சுஃபியானைப் பார்க்கவில்லை. அவனே பேசினான்.

"நேத்து வரைக்கும் எனக்கு உறுதியாத் தெரியாது," என்றான். "தாங்கி சாஞ்சு இறக்கை விழுந்துச்சு. துணி கிழியல. ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நெனைச்சேன். நெனைச்சுக்கிட்டே இருந்தேன். நேத்து தாங்க முடியாம தெறந்து பாத்தேன்."

"வால் கம்பி அறுந்தா என்ன ஆகும்னு கேட்டேன்," என்று கற்பகம் மெதுவாகச் சொன்னார். "நாகையா மூக்கைச் சொன்னாரு. நீங்க மடங்கிரும்னு சொன்னீக. வாலு மடங்காது தம்பி. நீங்க கம்பியை நெனைக்கவே இல்ல. நெனைச்சது இறக்கையை."

அபுதாஹிர் எழுந்தார். கை ஓங்கவில்லை. குரல்தான் உடைந்தது. "எதுக்குடா சாவி குடுத்த?"

"பழக்கத்துக்குக் குடுத்தேன் அத்தா. நாலு நாள்தான்னு சொன்னாரு. வெளியே தெரிஞ்சா உங்க பறக்குற அனுமதி போயிரும். அஞ்சு வருச வேலை. உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"நாளைக்குக் காலையில," என்றாள் சபியா, "நாகையா புதுக் கம்பி மாட்டியிருப்பாரு. நீ அடுத்து என்ன வெட்டியிருப்ப?"

"நீ ஏறினா விமானத்துக்கு முன்னாடி வந்து படுத்திருப்பேன்," என்றான் சுஃபியான்.

"சொல்லியிருக்கலாம்ல அண்ணே. ஒரு வார்த்தை."

காளீஸ்வரன் தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. வெளியே போகாம நாமளே பேசி முடிச்சிக்குவோம் பாய். என் டிரெய்லர் இடிச்சதுக்கு நான்..."

"இறக்கை விழுந்தப்ப நீங்க இங்க இருந்தீகளா?" என்று கற்பகம் கேட்டார்.

காளீஸ்வரனின் பார்வை அந்த வெளுத்த தரைக்குப் போனது.

"இருந்தீக. விமானம் பறக்கக் கூடாதுன்னு மனு மட்டும் குடுத்தீக. இந்தப் பிள்ளைகிட்ட வேலிக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு வார்த்தை சொல்லல." அவர் அபுதாஹிரிடம் திரும்பினார். "பாய், இறக்கை உங்க வீட்டு விஷயம். பட்டாசு அப்படி இல்ல. பெட்ரோலும் டோப்பும் தின்னரும் இருக்குற கொட்டகை. நாகையா திரும்பி வந்து, கழுவியும் போகாத வெடிமருந்துக்குப் பக்கத்துல எத்தனை ராத்திரி கட்டில் போட்டுப் படுத்தாரோ. இந்த மாதிரிக் கொட்டகைக்கு நான் போறப்ப எப்பவும் எல்லாம் எரிஞ்சு முடிஞ்சுதான் இருக்கும். இதை நான் மறைக்க முடியாது."

"நான் மறைக்கச் சொல்லலம்மா," என்றார் அபுதாஹிர். சட்டைப் பையில் கார் சாவியைத் தேடினார். சாவி கைதவறிக் கீழே விழுந்தது. சுஃபியான் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

"வண்டியில ஏறு. ஸ்டேஷனுக்குப் போவோம். நீயே சொல்லு. அவக வந்து உன்னைக் கேக்குறதுக்கு முன்னாடி நீ போய்ச் சொல்லணும்."

"அனுமதி போயிரும் அத்தா."

"போகட்டும்."

சுஃபியான் முன்னிருக்கையில் ஏறினான். நாகையா இன்னும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பானுப்பிரியா காளீஸ்வரனிடம், அவர் எங்கும் கிளம்ப வேண்டாம், போலீஸ் இங்கேயே வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கார் கிளம்ப உறுமியது.

சபியா விமானத்தைப் பார்க்கவில்லை. காரின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"நீ எதுக்கும்மா?" என்றார் அபுதாஹிர்.

"அவன் சொல்லும்போது நானும் இருக்கணும் அத்தா," என்றாள். "எடுங்க வண்டிய."