விரிசலுக்குள் வெள்ளைப் பசை

காலை 9.40. மீன் உப்பிடும் கூடத்தின் கான்கிரீட் உத்தரம் நடுவில் முறிந்து விழுந்தது. கீழே தராசில் மீன் எடை போட்டுக்கொண்டிருந்தவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். மாடியில் இருந்த உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்றும் அவர் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

பதினொரு மணிக்குள் குற்றவாளியும் தயார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரியைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். "கம்பியைத் திருடி வித்துட்டான்" என்றார் முதலாளி. மேற்பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். செத்தவர் அவருடைய தங்கை புருஷன். அதனால் அவர் பேச்சை யாரும் சந்தேகப்படவில்லை.

இரண்டு மணிக்கு மேஸ்திரியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு இந்த அவசரம் பிடிக்கவில்லை. அவள் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவர் மகள்.

11.30. உடைந்த உத்தரத்தின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வரைபடத்தில் அடிக்கம்பி நாலு, உத்தரத்திலும் நாலு. தூணோரம் கம்பியின் கனத்தை அளந்தால், வரைபடத்தில் உள்ளபடியே பதினாறு மில்லிமீட்டர். முறிந்த நடுப்பகுதியில் ஒன்பதுதான்.

"திருடறவன் நடுவுல மட்டும் இளைச்ச கம்பியாத் தேடிப் போடுவானா?" என்றாள் கான்ஸ்டபிளிடம். "மேல தொட்டி வருஷக்கணக்கா ஒழுகியிருக்கு. உப்பு உள்ள இறங்கி கம்பியை அரிச்சுடுச்சு. பதினாறு ஒன்பதாச்சுன்னா, வலுவுல மூணுல ஒரு பங்குகூடத் தேறாது."

"அப்ப யார் மேலயும் தப்பில்லையா?"

"துரு ஊதினா கான்கிரீட் வெடிக்கும். விரிசல் தெரியாமப் போகாது."

ஒரு சில்லை எடுத்துத் திருப்பினாள். பழுப்பேறிய விரிசலுக்குள் இரண்டு விரல் ஆழத்துக்கு வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. பெயின்டர் சுவர் ஓட்டையை அடைக்கப் பூசும் பட்டி என்றால் நகம் பட்டதும் உதிரும். இது ரப்பர் மாதிரி அமுங்கியது.

12.10. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

"விரிசல் ஏதாவது இருந்துச்சா?"

"பொட்டுக்கூட இல்லம்மா."

"உங்க மேசை எங்க இருக்கு?"

"அதோ, சுவரோரம்."

"எப்பவும் அங்கதானா?"

"எப்பவும்."

உடைசலை ஒதுக்கச் சொன்னாள். உத்தரத்துக்கு நேர் கீழே, தராசுக்குப் பக்கத்தில், ஈரத்தரையில் துருக்கறையாக நாலு கால் தடம் இருந்தது. மேற்பார்வையாளரின் இரும்பு மேசையை அதன்மேல் தூக்கி வைக்கச் சொன்னாள். கச்சிதமாகப் பொருந்தியது.

மீன் தரம் பிரிக்கும் பெண் வாய் திறந்தாள். "போன மாசந்தான் நகர்த்தினார்மா. இங்க காத்து வரலைன்னார்."

குளிர்அறைக் கதவின் இடுக்கிலும் அதே வெள்ளைப் பசை. அந்தப் பசைக் குழாய்களை வைத்த அலமாரியின் சாவி மேற்பார்வையாளர் இடுப்பில் தொங்கியது.

1.15. எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்தாள். இறந்தவரின் மனைவியும் வந்திருந்தாள்.

"மேஸ்திரி போட்ட கம்பி சரியாத்தான் இருக்கு. விரிசலைப் பார்த்தது நீங்க. பெயின்டரைக் கூப்பிட்டா விஷயம் வெளிய வரும்னு கைக்குக் கிடைச்ச கதவுப் பசையை அடைச்சீங்க. அதோட நிக்கல. விழும்னு தெரிஞ்சு உங்க மேசையை நகர்த்திக்கிட்டீங்க. தராசை அங்கயே விட்டுட்டீங்க."

மேற்பார்வையாளர் இடுப்புச் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வேலையை நிறுத்தணும்னு சொன்னா முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்மா."

முதலாளி இந்த ஊருக்கே சம்பந்தமில்லாதவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாள் இன்ஸ்பெக்டர். மேஸ்திரியை விடச்சொல்லி போன் போட்டாள். பாதி நாள் திருட்டுப்பட்டம் சுமந்த மனுஷனுக்கு யாரும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தங்கை அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"அவர்கிட்ட மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா?"

"சொன்னா மாப்பிள்ளை எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பாரே..."

"ஆமா," என்றாள் அவள். "சொல்லியிருப்பார்."