நாக்கில்லாத மணி

மாலை ஆறே காலுக்கு நகரசபைத் தலைவர் மணியை எடுத்து ஆட்டினார். சத்தம் வரவில்லை. மறுபடி ஆட்டினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. வரி உயர்வை எதிர்த்து வந்தவர்கள் நாற்காலியைத் தட்டிக் கத்த, தலைவரின் ஆட்கள் பதிலுக்குக் கத்த, குறைகேட்புக் கூட்டம் சந்தைக்கடையாகிக் கலைந்தது.

மணியின் நாக்கை யாரோ கழற்றியிருந்தார்கள்.

பெண் இன்ஸ்பெக்டர் வந்தபோது மண்டபத்தில் மூன்றே பேர்: தலைவர், குறிப்பெடுக்கும் எழுத்தர், முன்வரிசையில் ஒரு தாய். மூடியில்லாத சாக்கடையில் விழுந்து அவள் மகன் செத்திருந்தான். மாதாமாதம் அவள் பேச எழுவாள்; தலைவர் மணியடிப்பார்; பாதியோடு உட்கார்ந்துவிடுவாள்.

"இந்தம்மா வேலைதான். முன்னாடியே வந்து தனியா உக்காந்திருந்தாங்க. இனி உள்ளயே விடக்கூடாது," என்றார் தலைவர்.

"நான் எடுக்கலைம்மா," என்றாள் தாய். "இன்னிக்காவது முழுசா சொல்லிடலாம்னு வந்தேன்."

இன்ஸ்பெக்டருக்கு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ரேடியோவைப் பேசவிட்டுச் சாப்பிடுகிறவர். பாதியில் நின்ற பேச்சு எப்படி வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"மணி எங்க இருக்கும்?"

"பின்னறை அலமாரியில. பூட்டு கிடையாது, யார் வேணா போகலாம்," என்றார் எழுத்தர். "எப்பவும் போல எடுத்துட்டு வந்து வெச்சேன்."

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன். நான் மட்டும்தான் இருந்தேன், கடிகாரம் ஓடறதைத் தவிர வேற சத்தமே இல்லை. ஒரு கையில தண்ணி ஜாடி, ஒரு கையில மணி. மணி இருந்த கையை வீசிக்கிட்டு வந்தார். என்னைப் பாத்துத் தலையாட்டினார்."

இன்ஸ்பெக்டர் எழுத்தர் பக்கம் திரும்பினார்.

"கடிகாரம் கேட்ட இடத்துல, வீசிக்கிட்டு வந்த மணி ஏன் கேக்கலை? நல்ல மணியா இருந்தா விரலை உள்ள விட்டு நாக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூக்கியிருப்பீங்க. அது ஊமைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

எழுத்தர் சட்டைப்பையிலிருந்து பித்தளை நாக்கை எடுத்து வைத்தார்.

"இவங்க பேச்சை எழுதறவன் நான். மாசாமாசம் ஒரே இடத்துல நின்னுடுது. மீதி என்னன்னு நெனச்சா தூக்கம் வராது. மணி இல்லைன்னா இவங்க பேசி முடிப்பாங்கன்னு நெனச்சேன். ஊரே பேசும்னு நெனைக்கலை."

"பழி அவங்க மேல விழுந்தப்ப?"

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் நாக்கைக் கோத்தார். பழக்க தோஷம், தலைவரின் கை மணிப்பக்கம் நீண்டது. இன்ஸ்பெக்டர் விரலை உள்ளே விட்டு நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கேக்க நாங்க மூணு பேர் இருக்கோம். சொல்லுங்கம்மா."

தாய் எழுந்தாள். இத்தனை மாதமாய்ச் சுமந்ததை இறக்கிவைக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"சாக்கடைக்கு மூடி போடுங்கன்னு கேக்க என் பையனே இங்க வந்தான் ஐயா. கடைசி வரிசையில எழுந்து நின்னான். அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க மணியடிச்சுட்டீங்க."

மண்டபத்தில் கடிகாரம் ஓடுவது கேட்டது.